சிங்கத்தை நோக்கி வந்த தவளை

இது நடந்தபோது நீங்களும் இல்லை, நானும் இல்லை. இப்போது ஊர்கள் இருக்கிற இடத்தில் காடு இருந்தது. இப்போது முள் மண்டிக் கிடக்கிற ஓர் இடத்தில் ஊர் இருந்தது. அந்த ஊருக்குக் கருங்குன்றூர் என்று பெயர். அதை அழிசி என்ற அரசன் ஆண்டுவந்தான்.

அழிசி கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையின் நடுவில் உங்களுக்கு மறந்துபோகும். அவன் ஏரி வெட்டினான். பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிட்டான். எல்லைக் கொள்ளையரை விரட்டினான். ஆனால் அவனுக்குள் ஒரு பயம் இருந்தது. எதைப் பற்றிய பயம் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. சாப்பிடும்போது கதவைப் பார்ப்பான். நடக்கும்போது திரும்பிப் பார்ப்பான். நாலு பேரோடு சேர்ந்து சிரிக்கும்போதும், மற்றவர் சிரிப்பு எப்போது நிற்கிறது என்று கவனித்துக்கொண்டே சிரிப்பான்.

அவனுக்கு ஒரே ஒரு தம்பி. பெயர் ஆதன். பதவி கிடையாது, படை கிடையாது, கவலையும் கிடையாது. பகலெல்லாம் ஏரிக்கரையில் மல்லாந்து கிடப்பான். வருகிறவர் போகிறவரைக் கேலி செய்வான். சின்ன வயதில் இருட்டைக் கண்டு அழுத அண்ணனுக்குக் கையைக் கொடுத்துவிட்டுத் தூங்கியவன் அவன்தான். அண்ணனுக்கு அவனைவிட நான்கு வயது அதிகம்.

இனி அந்த ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் கதை புரியாது.

ஆண்டுதோறும் ஏரி நிரம்புகிற நாளில் அரண்மனைக் கூடத்தில் ஒரு கதைத்துணியைத் தொங்கவிடுவார்கள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை நீளும் துணி. அதில் கட்டம் கட்டமாகப் படங்கள். அந்த ஆண்டு அரசன் என்ன செய்தான், நாட்டில் என்ன நடந்தது என்று முதல் கட்டத்தில் தொடங்கிக் கடைசிக் கட்டத்தில் முடியும். எழுத்துத் தெரியாதவரும் நின்று பார்த்துவிட்டுப் போகலாம்.

ஆனால் அதில் ஒரு மனித முகமும் இருக்காது. முன்பு ஆண்ட ஓர் அரசனுக்குத் துணியில் தன் மூக்கு பெரிதாகத் தெரிந்ததாம். வரைந்தவன் மூக்கு போயிற்று. அன்றிலிருந்து மனித முகம் வரைவது குற்றம். ஓவியர்கள் என்ன செய்வார்கள், பிழைக்க வேண்டுமே. மனித உடம்பின் மேல் விலங்கின் தலையை வைத்தார்கள். அரசன் சிங்கம். அமைச்சர் யானை. காவலர் வேட்டைநாய். உழுகிறவர் எருது. வரி வாங்குபவர் கொக்கு. படத்துக்குப் பொருள் சொல்லும் அரண்மனைப் புலவர்களுக்குக் கிளி. நாளடைவில் ஊரில் எல்லோருக்கும் ஒரு விலங்கு அமைந்துவிட்டது. துணி தொங்குகிற அன்று கூட்டம் அலைமோதும். தன்னை யாரும் தேடுவதில்லை. அடுத்த வீட்டுக்காரனைத்தான் தேடுவார்கள்.

தொங்கவிட்ட துணியை மழை ஓயும்வரை இறக்கக் கூடாது, இறக்கினால் ஏரி உடையும் என்பார்கள். மழை ஓய்ந்ததும், துணியில் எந்த விலங்கு யார் என்பதை வரைந்தவன் தன் வாயால் சபையில் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் செல்லாது. பிறகு கதைக்கு உரிய அரசன் தன் கையாலேயே துணியை மடித்துப் பெட்டியில் வைப்பான். அத்தோடு அந்த ஆண்டு முடிந்தது.

அந்தத் துணியை வரைந்துவந்தவன் பெயர் சேந்தன். துணிக்குக் கஞ்சி போட்டு, கிழிசல் தைத்துக் கொடுப்பவள் அவன் மனைவி கொற்றி.

கோடையில் ஒருநாள் கொற்றி நீளத் துணிக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்தாள். கட்டத்துக்குக் கோடு இழுப்பதில்லை. துணியை இப்படியும் அப்படியுமாக விசிறிபோல மடித்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றிவிடுவார்கள். மடிப்பு விழுந்த இடம்தான் கட்டத்தின் எல்லை. மடித்த துணி கல்லின் கீழ் ஒரு மாதம் கிடந்தது.

கஞ்சி போட்ட துணி எலிக்குப் பலகாரம். அந்த வீட்டில் ஓர் எலி இருந்தது.

கல்லை நகர்த்திப் பார்த்தால், மடித்த துணியின் ஓர் ஓரத்தில் ஓட்டை. மேலடுக்கில் உள்ளங்கை அகலம். உள்ளே போகப் போகச் சுருங்கிக்கொண்டே போயிற்று. அடியில் இருந்த இரண்டு அடுக்கு மட்டும் தப்பியது.

வேறு துணி நெய்ய நேரமில்லை. மேகம் ஏற்கெனவே குன்றின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. கொற்றி எலியைத் திட்டிக்கொண்டே ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒட்டுப்போட்டுத் தைத்தாள். அந்தத் தொழிலில் ஒட்டு தெரியக் கூடாது என்று ஒரு மானம் உண்டு. ஒட்டின் மேல் ஏதாவது ஓர் உயிரை உட்காரவைத்துவிடுவார்கள். சேந்தன் யோசித்தான். யாருக்கும் சொந்தமில்லாத விலங்காக இருந்தால் வம்பில்லை. ஒட்டு வேறு வட்டமாக இருக்கிறது. தவளை போட்டான். குந்திய தவளை, இரண்டு முழிக்கண்.

இன்னொன்றும் செய்தான். துணிக்கு வெளியே பார்க்கிற மாதிரி எந்த உயிரையும் வரையக் கூடாது, அப்படி வரைந்தால் வீட்டு நலம் வெளியே போய்விடும் என்று ஓவியர்களிடையே ஒரு நம்பிக்கை. அதனால் ஓரத்தில் இருந்த தவளைகளையெல்லாம் உள்பக்கம் பார்க்க வைத்தான். உள்ளே, கட்டத்தின் நடுவில், யார் இருப்பார்? சிங்கம்தான்.

ஏரி நிரம்பியது. துணி தொங்கியது. அரசன் அழிசி வந்து நின்று பார்த்தான்.

முதல் கட்டத்தில் சிங்கம் ஏரிக்கரையில் நிற்கிறது. சரி. இரண்டாம் கட்டத்தில் சிங்கம் நெல் அளக்கிறது. சரி. மூன்றாம் கட்டத்தில் சிங்கம் குதிரை மேல் போகிறது. இடப்பக்கம் ஓரத்தில் மிளகு அளவில் ஒரு தவளை. நான்காம் கட்டத்தில் தவளை வலப்பக்கம் இருக்கிறது, கொஞ்சம் பெரிதாக. ஐந்தாம் கட்டத்தில் மறுபடி இடப்பக்கம், இன்னும் பெரிதாக. ஆறாவதில் வலப்பக்கம். ஏழாவதில், சிங்கம் அரியணையில் அமர்ந்திருக்கிற கட்டத்தில், இடப்பக்கம் அரியணைக்குக் கீழே உள்ளங்கை அகலத் தவளை.

இடம், வலம், இடம், வலம். தாவித் தாவி வருகிறது. வர வர வளர்கிறது. எந்தக் கட்டத்திலும் சிங்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிங்கமோ ஒரு கட்டத்திலும் அதைப் பார்க்கவில்லை.

இத்தனை காலம் பெயர் இல்லாமல் அழிசிக்குள் கிடந்த பயத்துக்கு அன்று ஒரு முகம் கிடைத்தது.

அரண்மனைக்கு வெளியே புது மழையில் ஏரி நிறையத் தவளைகள் கத்தின. அவன் கதவைச் சாத்தச் சொன்னான். கத்தின. சாளரங்களில் தட்டி கட்டச் சொன்னான். கத்தின. ஏரிக்கு ஆளனுப்பித் தவளைகளைப் பிடித்துக் கூடையில் போட்டுக் காட்டில் விடச் சொன்னான். போனவர்கள் நனைந்து திரும்பினார்கள், தவளைகளும் திரும்பின.

மறுநாள் பொருள் சொல்லும் புலவர் மூவரையும் அழைத்தான்.

முதல் புலவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, தவளை நீரிலும் வாழும், நிலத்திலும் வாழும், ஆகவே இது இரண்டு பக்கமும் உறவு வைத்திருக்கும் ஆள் என்றார். இரண்டாம் புலவர் இருமிவிட்டு, தவளை காலமெல்லாம் மண்ணுக்குள் பேசாமல் கிடந்து நேரம் பார்த்துக் குரல் கொடுக்கும், ஆகவே இது காத்திருக்கும் ஆள் என்றார். மூன்றாம் புலவர் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். திறந்தபோது ஒரு கேள்விதான் கேட்டார்.

“அரசே, இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு விலங்கு உண்டு. விலங்கு இல்லாத ஒரே ஆள் யார்?”

தொழிலோ பதவியோ இருந்தால்தானே விலங்கு. இரண்டும் இல்லாதவன் ஒருவன்தான். இப்போது அவன் எங்கே இருக்கிறான் என்றும் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்கரையில், தவளைகளுக்கு நடுவில், மல்லாந்து.

அன்று மாலையே ஆதனைப் பிடித்துக் குன்றின் அடியில் இருந்த கற்சிறையில் அடைத்தார்கள். முதலில் அவன் விளையாட்டு என்று நினைத்து, கதவைச் சாத்தும்போது உள்ளேயிருந்து தவளைபோலக் கத்திக் காட்டினான். காவலர் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவனும் நிறுத்தினான். அரசனுக்கு எதிராகச் சதி செய்தவனைக் குன்றின் உச்சியிலிருந்து தள்ளிவிடுவது அந்த ஊர்ச் சட்டம். ஆனால் அதற்கு முன் அந்தத் தவளை ஆதன்தான் என்று சேந்தன் வாயால் வர வேண்டும்.

சேந்தனைக் கூட்டிவந்தார்கள்.

முதல் தடவை அன்பாகவே கேட்டார்கள். வாழ்நாள் முழுக்க அரண்மனைச் சோறு என்றார்கள். ஆதன் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்றார்கள். சேந்தன் உள்ளதைச் சொன்னான்.

“அது கிழிசல், அரசே. மடித்து வைத்த துணியை எலி கடித்தது. இறக்கி மடித்துப் பாருங்கள், தெரியும்.”

மழை ஓயும் முன் துணியை இறக்கலாமா, ஏரி உடையாதா என்று புலவர்கள் பதறினார்கள். அந்தத் தவளை தம்பி இல்லையாமே என்று ஒரு நொடி அழிசியின் நெஞ்சு லேசானது உண்மை. ஆனால் உடனே இன்னொன்று வந்து அமர்ந்தது. கிழிசல்தான் என்றால், எலி கடித்ததற்காகவா நான் என் தம்பியைக் கற்சிறையில் போட்டேன்?

அதுவரை தவளைக்குப் பயந்தவன், அன்றிலிருந்து, அது வெறும் கிழிசலாக இருந்துவிடுமோ என்று பயப்பட ஆரம்பித்தான். இந்தப் பயம் முதல் பயத்தைவிடப் பெரிது. முதல் பயம் வந்தவன் ஊரைக் கூப்பிடுவான். இந்தப் பயம் வந்தவன் ஊரின் வாயை மூடுவான்.

இரண்டாம் தடவை மிரட்டிக் கேட்டார்கள். தூரிகை பிடிக்கிற கட்டைவிரலைக் காட்டி, இது உனக்கு எத்தனை நாளைக்கு வேண்டும் என்றார்கள். சேந்தன் அழுதான். அழுதுகொண்டே, அது கிழிசல் என்றான்.

புலவர்களில் மூன்றாமவர் அவனைத் தனியே அழைத்துப்போனார். அவர் மிரட்டவில்லை. தோளில் கைபோட்டு, சின்னக் குரலில் கேட்டார். எல்லைச் சண்டையில் உன் அண்ணன் இறந்தான் அல்லவா? ஆமாம். அரசன் மேல் உனக்கு அப்போது வருத்தம் இருந்ததா? இருந்தது. அப்படியானால் வேறு விலங்கு எத்தனையோ இருக்க, எதற்குத் தவளை போட்டாய்? எதற்கு அத்தனையும் சிங்கத்தையே பார்க்கின்றன?

“நீ நினைக்காமல் இருந்திருக்கலாம் சேந்தா. உன் கை நினைத்திருக்கலாம்.”

அந்தச் சொல்தான் அவனைத் தின்றது. விரலை வெட்டுவோம் என்றபோது உறுதியாக நின்றவன், இதற்குமேல் உறுதியாக நிற்க முடியாமல் போனான். வீட்டுக்கு வந்து தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சோறு பிசையும்போது பார்த்தான். ஆதனுக்கு முழிக்கண் உண்டா, ஏரிக்கரையில் அவன் குந்தியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் வரைந்தேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். யாரும் இதைக் கேட்டிராவிட்டால் அவன் எந்த நாளும் நினைத்திருக்க மாட்டான். கேட்ட பிறகு எந்த நேரமும் அதே நினைப்பாக இருந்தது.

கொற்றிக்கு ஆத்திரம் வந்தது. “ஒட்டுப்போட்டவள் நான். என் கை என்ன நினைத்தது என்று யாராவது கேட்டார்களா? எலியைக் கொல்ல நினைத்தது” என்றாள். அவன் சிரிக்கவில்லை. அவள் குரலை அடக்கிக்கொண்டு சொன்னாள். “உண்மையைச் சொல்லும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் துணிக்குத்தான் ஒட்டுப்போடுவேன். கழுத்துக்குப் போடத் தெரியாது.”

மழை ஓய்ந்தது. கூடம் நிறையக் கூட்டம் கூடியது. ஆதனைக் கயிறு கட்டிக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்தினார்கள். இளைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வெளிச்சம் பழகாமல் கண்ணை அகலத் திறந்து திறந்து மூடினான். பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சாடை காட்டிக்கொண்டார்கள். தவளையேதான் என்றார்கள். கற்சிறையின் இருட்டில் போட்டு வைத்தால் யாருக்கும் கண் அப்படித்தான் ஆகும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் தடவை கேட்டார்கள். “சேந்தா, அந்தத் தவளை யார்?”

சேந்தன் துணியைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். ஆதனைப் பார்க்கவில்லை.

“ஆதன்” என்றான்.

இங்கே நீங்கள் வேறு பதிலை எதிர்பார்த்திருப்பீர்கள். நானும் அவன் வேறு மாதிரி சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைப்பதுண்டு. ஆனால் அவன் அதைத்தான் சொன்னான். சொல்லும்போது அது பொய்யா உண்மையா என்று அவனுக்கே தெரியாமல் போயிருந்தது.

கூட்டம் மூச்சுவிட்டது. புலவர் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். இனி ஒரே ஒரு வழக்கம் பாக்கி. அரசன் துணியை மடிக்க வேண்டும். பெட்டியை மூடியதும் ஆதனைக் குன்றின் மேல் ஏற்றுவார்கள்.

துணியை இறக்கித் தரையில் விரித்தார்கள். அழிசி மண்டியிட்டான். சீக்கிரம் மடித்து மூடிவிட வேண்டும் என்பதுதான் அவன் எண்ணம். முதல் கட்டத்தின் மேல் இரண்டாவதை மடித்தான். அதன் மேல் மூன்றாவதை. பழைய மடிப்புத் தடம் தானே கையை இழுத்துக்கொண்டு போயிற்று. இப்படி ஒன்று, அப்படி ஒன்று.

நான்காவதை மடித்து அழுத்தும்போது, உள்ளங்கையின் கீழே ஏதோ தட்டுப்பட்டது.

தடவினான். கடினமாக, வட்டமாக, ஒரு தையல் மேடு. ஐந்தாவதை மடித்தான். இடப்பக்கத் தவளையும் வலப்பக்கத் தவளையும் ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தன. மேடு கொஞ்சம் உயர்ந்தது. ஆறாவதை மடித்தான். இன்னும் உயர்ந்தது. ஏழாவதை மடித்தான். இடம், வலம், இடம், வலம் என்று தாவி வந்த தவளைகள் அத்தனையும் அவன் கையின் கீழே ஒன்றின் மேல் ஒன்றாக, கிண்ணத்துக்குள் கிண்ணம் அடுக்கியதுபோல, அசையாமல் அமர்ந்திருந்தன.

ஓர் எலி கடித்துக் குடைந்த அதே வடிவில்.

கண் எத்தனை நாள் பார்த்தும் அறியாததைக் கை ஒரு நொடியில் அறிந்துவிட்டது.

இனிதான் சோதனை. நன்றாகக் கவனியுங்கள். அந்தக் கூடத்தில் அது அவன் ஒருவன் கைக்குத்தான் தெரியும். வரைந்தவனே ஆதன் என்று சொல்லிவிட்டான். புலவர்கள் சொல்லிவிட்டார்கள். ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. பெட்டி பக்கத்தில் திறந்தபடி இருக்கிறது. துணியை உள்ளே வைத்து மூடினால் அழிசி அரசனாகவே இருப்பான், சரியான நேரத்தில் சதியைக் கண்டுபிடித்த அரசன். மூடாவிட்டால், எலிக்குப் பயந்து தம்பியைக் கொல்லப் போனவன்.

பெட்டியைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கடைசியில் தம்பியைப் பார்த்தான். ஆதன் அந்த நேரத்திலும், கட்டிய கையை லேசாகத் தூக்கி, இருட்டில் பயந்த அண்ணனுக்கு அந்தக் காலத்தில் நீட்டுவானே, அப்படி நீட்டினான். கேலியாகவா, பாசமாகவா என்று தெரியவில்லை.

“யாரிடமாவது ஊசி இருக்கிறதா?” என்று அழிசி கேட்டான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டான்.

கொற்றி கொண்டையில் செருகியிருந்த பெரிய ஊசியை எடுத்து, நூல் கோத்து, முன்னே வந்து நீட்டினாள்.

அரசன் ஊசியை மேல் தவளையின் நடுவில் குத்தி, அடியில் இழுத்து, நூலை நீள விட்டான். பிறகு துணியின் இரண்டு முனையையும் பிடித்து விரிக்கச் சொன்னான். மடிப்பு ஒவ்வொன்றாகப் பிரிந்தது. எல்லோரும் பார்த்தார்கள். ஒரே நூல். பெரிய தவளையின் வயிற்றில் தொடங்கி, அடுத்த தவளையின் வயிற்றில் புகுந்து, வலம் போய், இடம் போய், மிளகளவுத் தவளை வரைக்கும் ஒன்று தப்பாமல் கோத்துக்கொண்டு போயிருந்தது.

“இது கிழிசல்” என்றான் அழிசி. “இவன் இரண்டு முறை சொன்னான். நான்தான் மூன்றாம் முறை கேட்டேன்.”

மூன்றாம் புலவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எலி ஏன் குறிப்பாக அந்த இடத்தில் கடித்தது என்பதையும் நாம் யோசிக்க வேண்டும் அரசே என்றார். அன்று முதல்முறையாக அழிசி அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

ஆதனின் கட்டை அவிழ்த்தார்கள். சேந்தன் ஓடிப்போய் அவன் காலில் விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

“எழுந்திரும் ஓவியரே” என்றான் ஆதன். “தவளைதானே, குன்றிலிருந்து தள்ளினால் தாவிக்கொள்வான் என்று நினைத்திருப்பீர்.”

கொற்றி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா, அவளைத்தான் கேட்க வேண்டும்.

அழிசி தம்பியின் கையைப் பிடித்தான். அரண்மனையிலேயே இரு, எந்தப் பதவி வேண்டும் சொல், உனக்கு என்ன விலங்கு வேண்டுமோ அதையே வரையச் சொல்கிறேன் என்றான். ஆதன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“அண்ணா, உள்ளே இருந்தபோது கதவை யார் திறப்பார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. இனி நான் உன்னைப் பார்த்தால் நீ யோசிப்பாய். நீ என்னைப் பார்த்தால் நான் யோசிப்பேன். ஒரு வீட்டில் ஒருவர் பயந்தால் போதும்.”

அன்று மாலை அவன் ஏரிக்கரை வழியே நடந்தான். திரும்பிப் பார்க்க மாட்டான் என்று அழிசி நினைத்தான். ஆனால் ஆதன் பார்த்தான். பாசத்தில் இல்லை. யாராவது பின்னால் வருகிறார்களா என்று பார்த்தான். அண்ணனிடமிருந்து தம்பிக்குக் கிடைத்த சொத்து அது ஒன்றுதான். அதன் பிறகு அவனைக் கருங்குன்றூரில் ஒருவரும் காணவில்லை.

மறு ஆண்டும் ஏரி நிரம்பியது. மறு ஆண்டும் துணி தொங்கியது. அதில் ஓரிடத்தில் ஒட்டு ஒன்று இருந்தது. சேந்தன் அதன் மேல் ஒன்றும் வரையாமல் விட்டிருந்தான். தையல் தெரிந்தது. தொழிலில் இருந்தவர்கள் அதைக் கேவலம் என்றார்கள். அரசன் அந்த ஒட்டின் எதிரே தன் இருக்கையைப் போடச் சொன்னான்.

வெளியே தவளைகள் கத்தின. அவன் சாளரங்களைச் சாத்தச் சொல்லவில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஏரிக்கரையிலிருந்து ஒரு கேலிக்குரல் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். மழை ஓயும்வரை கேட்டான். வரவில்லை.

ஆகவே, இதுவரை கேட்டவர்களே, பயந்த மனம் வெறும் கிழிசலுக்கும் ஒரு முகத்தை வரைந்து அதை அருகில் இருப்பவர் தோளில் பொருத்திவிடும் என்பதால், யாரையும் அந்த முகத்தோடு தள்ளிவைக்கும் முன் நம் கையாலேயே தொட்டுப் பார்த்து உண்மையை அறிய வேண்டும்.